குரும்பகரத்தில் காணாமல் போன அரிவாள்மணை

நான் முன்பு பார்த்த வேலைக்கு இப்போது இரண்டு பெண்கள் வந்திருக்கிறார்கள். இருவருமே உளவியல் படித்தவர்கள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து நான் வீட்டுக்கு வரும்போது வாசலில் ஸ்கூட்டியோடு நின்றார்கள். காப்பி ஆறுவதற்குள் கேள்விகளை ஆரம்பித்துவிட்டார்கள்.

"சார், பிரசவ வார்டுல மொத நாள் நீங்க என்ன பேசினீங்க?"

"ஒண்ணும் பேசல. வெளியே போங்கன்னாங்க. போயிட்டேன்."

சிரித்தார்கள். ஆனால் நடந்தது அதுதான். அன்று வார்டு வாசலில் ஒரு ஆயா கையை நீட்டி மறித்தார். "யாருக்குங்க வந்திருக்கீங்க?" என்றார்.

"எல்லாருக்கும்தாங்க" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாருக்கும்னா எப்படிங்க? இதுல எந்தப் புள்ளைக்கு அப்பா நீங்க?"

எந்தப் பிள்ளைக்கும் அப்பா இல்லை என்று நிரூபிக்க என்னிடம் அப்போது அடையாள அட்டைகூட இல்லை. வெளியே வந்து மற்ற ஆண்களோடு புங்கமரத்தடியில் நின்றுகொண்டேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பெயர் அருள்தாஸ், காரைக்கால் டவுன்காரன். திருச்சியில் சமூகப்பணி படித்தேன். குடியிலிருந்து மீள வந்தவர்களோடு சில வருடம் வேலை பார்த்தேன். பிறகு எங்கள் ஊரில் ஒரு தாய்சேய் மருத்துவமனையில், பிள்ளை பெறப் போகிறவர்களுக்கும் பெற்றவர்களுக்கும் மனதளவில் துணையிருக்க ஆள் தேவை என்றார்கள். நான் விண்ணப்பித்தேன், வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை. வீட்டில் சொன்னதும் என் மனைவி, "ரெண்டு பெத்தவ நான். பாடம் எடுக்கப் போறது நீங்களா?" என்றாள். பணி ஓய்வு பெறும் நாள் வரை அதற்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் டாக்டர் புஷ்பவல்லி. மனநல மருத்துவர், புதுச்சேரிக்காரர். ஒல்லியான உருவம், பெரிய கண்ணாடி. மேடம் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அது சுபாவம் என்று நினைத்திருந்தேன். கேட்டபோது சொன்னார்: "நம்ம மெதுவாப் பேசினா எதிர்ல இருக்கிறவங்களும் மெதுவாப் பேசுவாங்க. பக்கத்துக் கட்டிலுக்குக் கேக்காது."

அவரிடம் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு காரணம் இருந்தது. பிள்ளை பெற்றவளைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் நேரே தொட்டிலுக்குத்தான் போவார்கள். மூக்கு அப்பா மாதிரி, நெற்றி தாத்தா மாதிரி என்று பங்கு பிரிப்பார்கள். பெற்றவள் சுவரோரமாகப் படுத்திருப்பாள், கூரியர் கொண்டுவந்து கொடுத்த ஆள் மாதிரி. மேடம் மட்டும் தொட்டில் பக்கம் திரும்பவே மாட்டார். நேராக அந்தப் பெண்ணிடம் போய், அவள் கட்டிலில் இருந்தால் தான் ஸ்டூலில், அவள் பாயில் இருந்தால் தான் தரையில் என்று உட்கார்வார். குழந்தையைப் பார்க்க வேண்டுமானால் அவளிடம் அனுமதி கேட்ட பிறகுதான்.

'சந்தோஷமா இருக்கீங்களா?' என்ற கேள்வியை எனக்குத் தடை செய்திருந்தார். அதற்கு இந்த நாட்டில் ஒரு பதில்தான் உண்டு, அதையும் மாமியார்தான் சொல்வார் என்பது அவர் கணக்கு. அதற்குப் பதிலாக நேற்று என்ன சாப்பிட்டாள் என்று கேட்க வேண்டும். கடைசியாக எப்போது குளித்தாள் என்று கேட்க வேண்டும். அப்புறம் அவருடைய முக்கியமான கேள்வி: "புள்ள தூங்குறப்ப உங்களால தூங்க முடியுதா?" பிள்ளை விழித்திருப்பதால் தூங்காதவள் களைத்தவள். பிள்ளை தூங்கியும் தூங்க முடியாதவள் எதையோ சுமந்துகொண்டிருக்கிறாள். அந்த இடத்தில் மேடம் நிறுத்திக்கொள்வார். பதில் வரும்வரை காத்திருப்பார். அந்த மௌனத்தை இட்டு நிரப்ப எனக்கு வாய் துறுதுறுக்கும். அவர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார், அடங்கிவிடுவேன்.

'பயப்படாதீங்க' என்ற சொல்லுக்கும் தடை. "பயத்துல இருக்கிறவங்ககிட்ட அதச் சொன்னா, இனிமே எங்கிட்ட சொல்லாதீங்கன்னு அர்த்தம்" என்பார்.

பெண்கள் வார்டில் எனக்கு வேலை கம்மிதான். ஆனால் புங்கமரத்தடியில் நிறைய இருந்தது. கையில் பிளாஸ்க், தோளில் துண்டு, பையில் போன் சார்ஜர் என்று அங்கே நின்ற ஆண்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. ரத்தம் வேண்டும், மருந்து வாங்கி வா என்றால் மட்டும் கூப்பிடுவார்கள். மேடத்திடம் சொன்னேன். "அப்பாமாருக்கு ஒரு வகுப்பு வச்சுப் பாருங்களேன்" என்றார். சனிக்கிழமை வகுப்பு அப்படித்தான் தொடங்கியது.

பிள்ளையைத் தூக்கிப் பழக முதலில் ஒரு பொம்மை வைத்திருந்தோம். அது பஞ்சு மாதிரி லேசாக இருந்தது. அதனால் மூன்று கிலோ பொன்னி அரிசியைத் துணிப்பையில் கட்டி, தலைக்கு ஒரு தேங்காயைத் தொங்கும்படி தைத்து, துண்டில் சுற்றினோம். கழுத்துக்குக் கீழே கை வைக்காவிட்டால் தேங்காய் பின்னால் சாயும். நெடுங்காட்டிலிருந்து வந்த டிராக்டர் டிரைவர் செல்வம் அதை வாங்கிய வேகத்தில் தோளில் சாத்திவிட்டார். பின்னாலிருந்து ஒருவர், "அண்ணே, அது டி.ஏ.பி. உர மூட்டை இல்ல!" என்றார். அறையே அதிர்ந்தது. செல்வமும் சிரித்தார். ஆனால் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு அவர் மட்டும் அரிசிப் பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எங் கையி ரொம்ப மொரடு சார். புள்ளைக்குக் கீறிடுமோன்னுதான் தொடாம இருக்கேன். அவ என்னடான்னா, பொண்ணு பொறந்தது எனக்குப் புடிக்கலன்னு நெனைச்சிக்கிட்டு அழுவுறா."

"இத அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"இதையெல்லாம் எப்படி சார் சொல்றது?"

"இப்ப எங்கிட்ட சொன்ன மாதிரிதான்."

அடுத்த சனிக்கிழமை கை நிறையத் தேங்காய் எண்ணெய் பளபளக்க வந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டார். என் சட்டை போனது. மகள் விஷயம் சரியாகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

இப்படித்தான் பெரும்பாலும் போகும். பத்தில் எட்டுப் பேருக்கு வேண்டியது கேட்பதற்கு ஒரு ஆள், தூங்குவதற்கு ஒரு மதியம், அவ்வளவுதான். ஸ்கூட்டியில் வந்த அந்தப் பெண்கள் இருவரும் விடவில்லை. "கஷ்டமான கேஸ் ஒண்ணு சொல்லுங்க சார்" என்றார்கள். அதற்குத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். ஊர்ப் பெயரை மாற்றவில்லை, ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்களே எழுதச் சொன்னார்கள்.

குமரேசன் குரும்பகரத்துக்காரர். மின்துறையில் லைன்மேன், கொஞ்சம் நிலமும் உண்டு. சனிக்கிழமை வகுப்பில் அவர்தான் முதல் மாணவர். அவர் தூக்கினால் தேங்காய் அசையாது. மனைவி கவிதாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிரசவத்தில் ஒரு சிக்கலும் இல்லை. கவிதாவுக்கு அம்மா இல்லாததால் புகுந்த வீட்டிலேயே மாமியார் செண்பகம் பார்த்துக்கொண்டார். பெயர் வைத்துச் சில வாரங்கள் கழிந்து, ஒருநாள் காலையில் குமரேசன் போன் செய்தார்.

"சார், ஒரு சின்ன விஷயம். சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"வீட்டுல அரிவாமணையக் காணோம்."

"போலீசுல சொல்லுங்க" என்றேன்.

அவரும் சிரித்தார். பிறகு குரல் மாறியது. "அரிவாமணை மட்டுமில்ல சார். கத்தியும் காணோம், நகவெட்டியும் காணோம். அம்மா வாழக்காயக் கையால ஒடிச்சிக் கொழம்பு வைக்கிறாங்க."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "கவிதா எப்படி இருக்காங்க?"

"அதான் சார். புள்ளையக் கையில வாங்க மாட்டேங்குறா. பாலு குடுக்க மட்டும் வாங்குறா. அப்பவும் அம்மா பக்கத்துல உக்காந்திருக்கணும். குடிச்சு முடிச்சதும் எடுத்துக்குங்க எடுத்துக்குங்கன்னு பதறுறா. இன்னிக்கிக் கோட்டுச்சேரியிலேருந்து என் மாமா வர்றாரு, புள்ளையத் தூக்கிட்டுப் போயி அவங்க வீட்டுல வளக்குறதுக்கு. கவிதாவே சரின்னுட்டா சார்."

மேடத்திடம் ஓடினேன். கேட்டதும் பேனாவை மூடினார். "நம்ம வர்ற வரைக்கும் அம்மாவையும் புள்ளையையும் தனியா விட வேணாம்னு சொல்லுங்க. யாரும் திட்டவும் வேணாம். வண்டியக் கூப்பிடுங்க" என்றார்.

வழியெங்கும் வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. வழக்கமாக மேடம் வழியில் ஏதாவது சாப்பிட வாங்கச் சொல்வார். அன்று ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டு வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. கூடத்தில் குமரேசனின் தாய்மாமன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், குரல்தான் பெரியது. "வாங்க டாக்டரம்மா. நீங்களே சொல்லுங்க. வேணாங்கிறவகிட்ட எதுக்குப் புள்ளைய விட்டு வைக்கணும்? எங்க வீட்டுல ராசா மாதிரி வளரட்டும்" என்றார். செண்பகம் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு தூண் ஓரம் நின்றார். அழுதிருந்தார் என்று முகம் சொன்னது.

மாமாவின் காலடியில் பிள்ளையின் துணிகள் ஒரு பையில் தயாராக இருந்தன. மேடம் குனிந்து பையைத் திறந்து பார்த்தார். சட்டைகள் தனி, கோவணத் துணிகள் தனி, ஒவ்வொன்றும் இஸ்திரி போட்டு, பெரியது கீழே சிறியது மேலே. இடையிடையே வேப்பிலை.

"இத அடுக்கினது யாரு?"

"கவிதாதான்" என்றார் செண்பகம்.

"வேணாங்கிற அம்மா இப்படி அடுக்க மாட்டாங்க" என்று மாமாவிடம் சொல்லிவிட்டு மேடம் உள்ளே போனார்.

அறையில் கவிதா கட்டில் ஓரத்தில் இருந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்தி உட்கார்ந்திருந்தாள். மேடம் தரையில் உட்கார்ந்தார். என்னைக் காட்டி, "இவரு எங்கூட வேலை பாக்குறவரு. இருக்கலாமா, போகட்டுமா?" என்று கேட்டார்.

"இருக்கட்டும் மேடம். வேற யாரும் உள்ள வராமப் பாத்துக்கட்டும்."

நான் கதவை ஒருக்களித்து வைத்து, அவர்களுக்கு முதுகு காட்டி நின்றேன். குமரேசன் மாமாவை வாசலுக்கு அழைத்துப்போனார்.

நேற்று என்ன சாப்பிட்டாள் என்று மேடம் கேட்டார். ரசஞ்சோறு. குளித்தது முந்தாநாள். "புள்ள தூங்குறப்ப தூங்க முடியுதா?"

"இல்ல மேடம். தூங்கினா…"

மேடம் காத்திருந்தார். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் கழித்து மேடமே மெதுவாகக் கேட்டார். "அரிவாமணையப் பாத்தா என்னம்மா தோணுது?"

அவ்வளவுதான். அணை திறந்த மாதிரி வந்தது. "வெண்டிக்கா அரிஞ்சிக்கிட்டிருந்தேன் மேடம். அவன் பக்கத்துல பாயில படுத்திருந்தான், காலாட்டிக்கிட்டு. திடீர்னு ஒரு நெனப்பு. இதால அவன… என் கையே அதச் செஞ்சிடுமோன்னு. படம் மாதிரி கண்ணு முன்னால வந்துச்சு. அன்னிக்கே எடுத்துட்டுப் போயி ஒளிச்சிட்டேன். அப்புறம் கத்தியப் பாத்தா வந்துச்சு. வெந்நீரப் பாத்தா வந்துச்சு. இப்பத் தலகாணியப் பாத்தாக்கூட வருது. நான் மனுஷியே இல்ல மேடம். அவன எங்கிட்டேருந்து எடுத்துட்டுப் போவச் சொல்லுங்க. நல்லா இருக்கட்டும் அவன்."

'பயப்படாதீங்க' என்று நான் சொல்லியிருப்பேன். மேடம் சொல்லவில்லை. "எவ்வளவு பயமா இருந்திருக்கும். அதுவும் ஒத்தையா" என்றார். கவிதா வாய்விட்டு அழுதாள்.

அழுகை ஓய்ந்ததும் மேடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். சுற்றி வளைக்கவில்லை. காதில் குரல் கேட்கிறதா? யாராவது செய் செய் என்று சொல்கிறார்களா? பிள்ளை தன்னுடையது இல்லை, கெட்டது என்று தோன்றுகிறதா? எல்லாவற்றுக்கும் கவிதா இல்லை என்றாள். இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றிருந்தால் அந்த நிமிடமே வண்டியில் ஏற்றியிருப்போம். அது வேறு நோய், அவசரம்.

"அந்த நெனப்பு வர்றப்ப, செய்யணும்னு ஆசை வருதா, செஞ்சிடுவமோன்னு பயம் வருதா?"

"பயம் மேடம். ஒடம்பெல்லாம் நடுங்குது."

"செத்துப்போயிடலாம்னு தோணுதா?"

"தோணிருக்கு. நான் இல்லன்னா அவன் பத்திரமா இருப்பான்னு."

"எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா?"

"இல்ல மேடம். சத்தியமா இல்ல."

மேடம் அவளுடைய கைகளைத் தொடைக்குக் கீழேயிருந்து எடுக்கச் சொல்லித் தன் கையில் வாங்கிக்கொண்டார். "இது நிறைய அம்மாக்களுக்கு வர்றதுதான் கவிதா. வெளியே சொல்றவங்க கம்மி. புள்ளைக்கு எதுவும் ஆகிடக் கூடாதுன்னு உங்க மனசு ராப்பகலாக் காவல் காக்குது. ஓவராக் காவல் காக்குது. வீட்டுக்காரங்களையே திருடன்னு நெனைச்சுக் கொலைக்கிற நாய் மாதிரி. அதுக்கு மருந்து இருக்கு, பாலு குடுத்துக்கிட்டே சாப்பிடலாம். பயிற்சியும் இருக்கு. நீங்க பேய் இல்ல. ஒடம்பு முடியாத ஒரு அம்மா. புள்ள உங்ககிட்டதான் இருக்கும்."

"நெசமாவா மேடம்?"

"நெசமா. ஆனா செத்துப்போயிடலாம்னு மறுபடி தோணுச்சுன்னா மறைக்கக் கூடாது. உடனே சொல்லணும். இத யார்கிட்ட சொல்லலாம், நீங்களே சொல்லுங்க."

"எங்க வீட்டுக்காரருகிட்ட சொல்லுங்க. அத்தைகிட்ட வேணாம்."

கூடத்துக்கு வந்து மேடம் மாமாவிடம் இரண்டே வாக்கியம் பேசினார். கவிதாவுக்கு உடம்பு சரியில்லை, மருந்து கொடுக்கிறோம். குழந்தை இங்கேதான் இருக்கும். மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். செண்பகம் குறுக்கே வந்து, "டாக்டரம்மா சொல்றதக் கேளுடா" என்றார். கார் வெறும் காராகத் திரும்பிப் போனது.

குமரேசனிடம் மேடம் எல்லாவற்றையும் சொன்னார். கேட்டுக்கொண்டே இருந்தவர் எழுந்து வெளியே போய்விட்டார். மேடம் என்னைப் பார்த்தார். இது என் வேலை. பின்னாலேயே போனேன். வாய்க்கால் கரையில் நின்றிருந்தார். தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது.

"எனக்குப் பயமா இருக்கு சார்" என்றார். "கம்பத்து மேல ஏறுறவன் நான். இப்ப வீட்டுக்குள்ள காலு வைக்கவே யோசிக்கிறேன். நான் டூட்டிக்குப் போயிட்டா…"

"கொஞ்ச நாளைக்கு லீவு போடுங்க. அப்புறம் அம்மா இருக்காங்க, நாங்க வருவோம். மேடம் நல்லா விசாரிச்சுட்டுத்தான் சொல்றாங்க."

"நான் பயந்துட்டேன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்லல. ஆனா நீங்க உள்ள போனதும் அவங்க உங்க மூஞ்சியத்தான் பாப்பாங்க. இந்தாளும் நம்மள பேய்னு நெனைக்கிறாரான்னு."

அவர் வாய்க்காலில் இறங்கி முகத்தைக் கழுவிக்கொண்டார். துண்டால் அழுத்தித் துடைத்தார். வீட்டுக்கு வந்து நேரே அம்மாவின் தோளிலிருந்து பிள்ளையை வாங்கினார். அறை வாசலில் நின்று, "கவிதா, கொல்லைக்கு வா. புள்ளையக் குளிப்பாட்டணும். நீ கால நீட்டி உக்காரு, நான் தண்ணி ஊத்துறேன்" என்றார்.

செண்பகத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஆம்பளயா ஊத்துவான்? தள்ளுடா."

"வகுப்புல சொல்லிக் குடுத்திருக்காங்கம்மா" என்றார் குமரேசன். தண்ணீர் ஊற்றும் பாடம் எதுவும் நான் எடுத்ததில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன்.

கவிதா வந்தாள். கொல்லையில் பலகையைப் போட்டுப் புடவையை ஒதுக்கி, கால்களை நீட்டினாள். குமரேசன் பிள்ளையை அவள் கால்மேல் கிடத்தினார். அவள் கைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "ஊத்தாதீங்க, ஊத்தாதீங்க" என்றாள். "நான் இங்கதான இருக்கேன்" என்று சொல்லி அவர் தன் முழங்கையில் தண்ணீரைச் சோதித்துவிட்டு, அரைச் சொம்பு ஊற்றினார். பிள்ளை வீரிட்டது. பிறகு அந்தச் சூட்டுக்குப் பழகி வாயைச் சப்புக்கொட்டியது. கவிதாவின் கை தானாகவே அதன் தலைக்குக் கீழே போனது. திரும்பும் வழியில் மேடம் பட்டாணி வாங்கச் சொன்னார்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆயின. நடுவில் ஒருநாள் தலையணை எல்லாவற்றையும் பரணில் போட்டுவிட்டாள். நான் வாரம் ஒருமுறை போனேன். மேடம் கொடுத்த பயிற்சி எளிமையானது, செய்வது கடினம்: எதைப் பார்த்தால் பயமோ அதைவிட்டு ஓடாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் இருந்து பழக வேண்டும். முதலில் ஸ்பூன். பிறகு பழம் நறுக்கும் மொக்கைக் கத்தி. நானும் குமரேசனும் எதிரில் உட்கார்ந்து ஆப்பிள் சாப்பிட்டே எடை போட்டோம்.

ஒருநாள் கவிதாவும் குமரேசனும் பிள்ளையோடு மேடத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். பேசிக்கொண்டிருக்கும்போது கதவைத் தள்ளிக்கொண்டு செண்பகம் வந்தார். பஸ் பிடித்துத் தனியாக வந்திருந்தார். கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. அதிலிருந்து அரிவாள்மணையையும் கத்தியையும் நகவெட்டியையும் எடுத்து மேடத்தின் மேஜைமேல் வைத்தார்.

"மாட்டுக்கு வைக்கல் புடுங்கினேன், போருக்குள்ள இருந்துச்சு. யாரு வச்சது? ஏவலா, சூனியமா? எங்கிட்ட மட்டும் ஏன் எல்லாரும் மறைக்கிறீங்க?"

நான் வாயைத் திறந்தேன். மேடம் ஒரு விரலை லேசாகத் தூக்கினார்.

"நான்தான் அத்த வச்சேன்" என்றாள் கவிதா.

அவளே சொன்னாள். வெண்டைக்காயிலிருந்து தலையணை வரை எல்லாம். நடுவில் எங்கும் நிறுத்தவில்லை. குமரேசன் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இந்தம்மா இப்போது என்ன சொல்லப் போகிறாரோ, அதில்தான் இத்தனை வார உழைப்பும் நிற்கிறது என்று எனக்குத் தெரிந்தது. ஒரு தப்பான சொல் போதும், அந்தப் பெண் மறுபடி கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொள்வாள்.

செண்பகம் நாற்காலியைத் தேடித் தடவி உட்கார்ந்தார். தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கெணறு" என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

"அப்ப இவன் கைப்புள்ள. கொல்லையில கெணறு, கைப்புடிச் சுவரு கெடையாது. இவனத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கம் போனா, உள்ள போட்டுடுவமோன்னு வரும். தவறி விழுந்துடுவானோன்னு இல்ல டாக்டரம்மா. நானே. என் கையாலேயே."

"அப்புறம் என்னம்மா செஞ்சீங்க?"

"கெணத்துல பாம்பு இருக்குன்னு சொன்னேன். கண்ணால பாத்தேன்னு சத்தியம் பண்ணேன். இவங்கப்பா பயந்துபோயி அடிபம்பு எறக்கினாரு. கெணத்தப் பலக போட்டு மூடினாரு. ஊருல இன்னிக்கும் அந்தப் பாம்புக்கு முட்ட வைக்கிறவங்க இருக்காங்க."

குமரேசன் திகைத்துப்போய், "அப்பப் பாம்பே இல்லையாம்மா?" என்றார். "சின்ன வயசு பூரா அந்தப் பக்கமே போவாம இருந்தேனே!"

முதலில் சிரித்தது கவிதாதான். அவள் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். செண்பகமும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"இத்தன வருஷமா யார்கிட்டயும் சொல்லலையாம்மா?" என்று மேடம் கேட்டார்.

"யாரு கேட்டா?" என்றார் செண்பகம்.



அரிவாள்மணையை வீட்டில் ஒளித்து வைக்க வேண்டாம், முன்பு எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கட்டும் என்று மேடம் சொல்லி அனுப்பினார். கவிதா கொஞ்ச நாள் மாமியார் பக்கத்தில் இருக்கக் காய் நறுக்கினாள், பிறகு தனியாக. மருந்தை மேடம் மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினார். அந்தப் பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான், ஓட்டப் பந்தயத்தில் பரிசு வாங்குகிறான். கவிதா கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் தற்காலிக வேலை பார்க்கிறாள்.

செண்பகத்தின் அந்தக் கேள்வியால் எங்கள் வேலையில் ஒன்று மாறியது. மறுநாளே மேடம் என்னையும் செவிலியரையும் கூப்பிட்டார். பிரசவித்த பெண்ணிடம் கேட்கும் கேள்விகளை, அவளோடு துணைக்கு வந்திருக்கும் பெரிய பெண்களிடமும் கேட்க வேண்டும் என்றார். அவர்கள் பெற்ற காலத்தில் எப்படி இருந்தது என்று. "நமக்கு நேரம் ஏது மேடம்?" என்று ஒரு செவிலியர் கேட்டார். "அவங்க ரொம்ப நாளாக் காத்திருக்காங்க" என்றார் மேடம்.

முதலில் நான் கேட்டது மகளின் பிரசவத்துக்கு வந்திருந்த ஒரு அம்மாவிடம். வார்டு வராந்தாவில் டிபன் கேரியரைக் கழுவிக்கொண்டிருந்தார். கூச்சத்தோடுதான் கேட்டேன்: "நீங்க மொதப் புள்ள பெத்தப்ப ஒங்களுக்குத் தூக்கம் இருந்துச்சாங்கம்மா? மனசு எப்படி இருந்துச்சு?"

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"என்னையா கேக்குறீங்க?"

"ஆமாங்க. ஒங்களத்தான்."

குழாயை மூடினார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். பெஞ்சில் எனக்கும் இடம் விட்டு உட்கார்ந்தார்.

"அது பெரிய கதைங்க" என்றார். "டீ சொல்லுங்க."